பசும்பால் சேராத குளிர்கோப்பி

கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் பிறந்தநாள் விழா, கலியாண வரவேற்பு, பழைய மாணவர் ஒன்றுகூடல் ஆகியவற்றிற்குச் சென்று பழகியவர்கள் குளிர்கோப்பி என்னும் பானத்தை நன்கறிவர். வடித்த கோப்பியிலே பசும்பாலையும் ரின்பாலையும் சீனியையும் சிறிது வனிலாவையும் கூட்டி, பெரிய பாத்திரமொன்றில் இரவு முழுவதும் குளிரவைத்து, மறுநாள் குவளைகளில் வார்த்து வழங்குவது வழக்கம். வெயிலில் வந்தவருக்கு அதனிலும் உவப்பான உபசாரம் வேறில்லை. ஆயினும், குவளைத் தட்டு தம்மை நெருங்கும்போது கையை நீட்டாமல், "வேண்டாம் தங்கச்சி, இப்போதுதான் தண்ணீர் குடித்தேன்" என்று புன்னகையோடு ஒதுங்குபவர் ஒருவர் இருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பர். வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாதே என்பதற்காக ஒருவர் மறுக்கமாட்டாமல் அதனைக் குடித்துவிட்டு, அன்று மாலை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பதும் உண்டு.

இவ்வாறு ஒதுங்குவோரைக் கர்வம் பிடித்தவர் என்றோ, வாய்க்கு ருசி தேடுபவர் என்றோ பிறர் எண்ணுவது பெரும் அநீதியாகும். பாலில் இயற்கையாக உள்ள இனிப்புப் பொருளுக்கு இலக்டோசு என்று பெயர். அதனைச் சிறுகுடலிலே பிரித்துச் சீரணிக்கச் செய்வது இலக்டேசு என்னும் நொதியம். குழந்தைப் பருவத்தில் யாவரிடத்தும் நிரம்பச் சுரக்கும் இந்நொதியம், பால்குடி மறந்தபின் பெரும்பாலான மனிதரிடத்தே படிப்படியாகக் குறைந்துவிடுகின்றது. உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் வளர்ந்தபின் இந்நிலையை அடைகின்றனர் என்று கணித்துள்ளனர். பிரிபடாத பாற்சீனி பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள பற்றீரியாக்களால் நொதித்து, வாயுவையும் வயிற்றுப் பொருமலையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கின்றது. ஆகவே பால் ஒத்துக்கொள்ளாமை ஒரு நோயுமன்று, குறையுமன்று. பெருந்தொகையினரின் உடம்பு அவ்வாறே அமைந்துள்ளது என்பதுதான் உண்மை. சிறிதளவு பாலைத் தேநீரில் தாங்கிக்கொள்பவரும், ரின்பாலும் பசும்பாலும் ஒருசேர நிறைந்த குளிர்கோப்பியைத் தாங்கமாட்டார்.

இதனின் வேறானது பாலொவ்வாமை. இது பாற்சீனியால் வருவதன்று. பாலிலுள்ள புரதத்தை உடம்பு பகையென்று கருதி எதிர்ப்பதால் வருவது. சிறு பிள்ளைகளிடத்தே இது பெரிதும் காணப்படும். தடிப்பு, வாந்தி, சில வேளைகளில் மூச்சுத் திணறல் வரையும் இது செல்லக்கூடும். முன்னையவர்க்கு அளவுதான் கணக்கு. பின்னையவர்க்கோ ஒரு துளியும் கூடாது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள், "பசும்பால் ஒவ்வாவிட்டால் ஆட்டுப்பாலைக் கொடுத்துப் பாருங்களேன்" என்று அன்போடு சொல்வது வழக்கம். அன்பு மெச்சத்தக்கது, யோசனை தவறானது. ஆட்டுப்பாலிலும் பாற்சீனி உண்டு. அதன் புரதமோ பசும்பாலின் புரதத்தைப் பெரிதும் ஒத்திருத்தலின், பாலொவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆபத்தாகவே முடியும்.

இனி, பாலில்லாத கோப்பி இலங்கைக்குப் புதியதா என்று பார்த்தால், அதுவுமன்று. மலைநாட்டில் ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களாக வளர்த்த கோப்பி, 1869 ஆம் ஆண்டில் துருநோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பயிர்ச்செய்கையாக நிலைகுலைந்தது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்தாற்போலத் தோன்றும் அந்தப் பங்கசு நோயை ஆராய்வதற்கென மார்ஷல் வோட் என்னும் இளம் அறிஞர் 1880 இல் இங்கு அனுப்பப்பட்டார். நோயின் தன்மையை அவர் தெளிவுற விளக்கியபோதும் தோட்டங்களைக் காக்க வழி பிறக்கவில்லை. கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரையும் நடந்து, வழியிலே பலரைப் பறிகொடுத்து வந்த தமிழ்த் தொழிலாளர் முதன்முதலிற் பறித்தது தேயிலைக் கொழுந்தன்று, கோப்பிப் பழமே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பெருந்தோட்டம் அழிந்தாலும், கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பிச்செடி அழியவில்லை. அங்கே பறித்து உலர்த்தி வறுத்து உரலில் இடித்த தூளைக் கொதிநீரிலிட்டு, வெறுங்கோப்பியாகவே குடித்தனர். வடக்கிலே மல்லியும் மிளகும் சுக்கும் கூட்டி இடித்த கோப்பியைப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு பருகினர். பாலூற்றிய கோப்பி வசதியின் அடையாளமாகி, பால் விடாத கோப்பியை விருந்தினருக்குக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பின்னர் வளர்ந்தது. அந்த எண்ணத்தைத் தவிர, பாலின்றிக் கோப்பி அருந்துவதற்கு வேறு தடை ஏதும் இருந்ததில்லை.

ஆனால் சூடான கோப்பிக்குப் பொருந்துவது குளிர்ந்த கோப்பிக்கு அப்படியே பொருந்தாது. வெறுங்கோப்பியை ஐஸ்கட்டியிலிட்டுக் கொடுத்தால் அது மெலிந்து, கைத்து, நீர்த்தன்மையாக நாவில் நிற்கும். இனிப்பு குளிரில் மங்கித் தோன்றும். கைப்போ மிஞ்சி நிற்கும். குளிர்கோப்பியில் பால் செய்த வேலை இரண்டு: தன் கொழுப்பினாற் பானத்திற்குத் தடிப்பையும் மென்மையையும் கொடுத்தது, தன் புரதத்தினால் கோப்பியின் துவர்ப்பைத் தணித்தது. இவ்விரண்டையும் செய்யவல்ல வேறு பொருள் கிடைத்தால் பசு இல்லாமலே காரியம் நிறைவேறும். அப்பொருளைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போகவேண்டியதில்லை. இலங்கையில் அநேகமாக எந்த அடுக்களையிலும் ஒரு தேங்காய் இருக்கும்.

தேங்காய்ப்பாலைக் கோப்பியிலே விட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள் உண்டு. குளிர்ந்தவுடன் மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன, குடிக்கும்போது மெழுகு போல உதட்டில் ஒட்டின என்பது அவர்களின் முறைப்பாடு. முறைப்பாடு நியாயமானதே. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறைவது. மார்கழிக் குளிரில் நுவரெலியாவிலே போத்தலுக்குள் எண்ணெய் கட்டியாகிக் கிடப்பதைக் காணாதார் இல்லை. தேங்காய்ப்பாலில் இருப்பது அதே எண்ணெய்தான். நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நீரில் மிதக்கின்றது. குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையில் அத்துளிகள் கட்டிபட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்துவிடுகின்றன. கட்டிப்பால் எவ்வளவுக்கு எவ்வளவு கொழுப்பு மிக்கதோ அவ்வளவுக்கு அவ்வளவு இத்தொல்லையும் அதிகம். எனவே குளிர்கோப்பிக்குக் கட்டிப்பால் மட்டும் ஆகாது என்பதே முதல் விதி. முதற்பாலையும் இரண்டாம் பாலையும் ஒன்றாகக் கலந்து, அதனோடு எண்ணெய்த் துளிகளைப் பிரித்து நிறுத்தவல்ல மற்றொரு பொருளையும் சேர்க்கவேண்டும்.

அந்த மற்றொரு பொருளாக மிகச் சிறந்தது கஜு எனப்படும் மரமுந்திரிகைப் பருப்பு. நான்கு மணித்தியாலம் தண்ணீரில் ஊறிய பருப்பை மைபோல் அரைத்தால், வடிகட்ட வேண்டிய சக்கை மிஞ்சுவதில்லை. அதிலுள்ள மாப்பொருளும் புரதமும் தேங்காய்ப்பாலின் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கோப்பியின் துவர்ப்பையும் அடக்குகின்றன. கஜு விலை அதிகமென்பது உண்மை. வசதி குறைந்தவர் அதற்குப் பதிலாகக் கனிந்த கப்பல் வாழைப்பழத்திற் பாதியை இடலாம். தடிப்புக் கிடைக்கும், ஆனால் கோப்பி மணத்தோடு வாழைப்பழ மணமும் எழும். சோயாப்பாலும் ஆகும், எனினும் அதனைச் சூடான கோப்பியில் ஊற்றினால், கோப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரையச் செய்துவிடும். கோப்பி முற்றாகக் குளிர்ந்தபின் சேர்த்தால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

தேங்காய் மலிவானதென்று சொல்லவும் இக்காலத்தில் வாய் வருவதில்லை. 2024 ஆம் ஆண்டின் முடிவிலிருந்து விலை ஏறி, ஒரு காய் இருநூறு ரூபாவையும் கடந்து விற்கப்பட்டதை இல்லத்தரசியர் மறக்கமாட்டார்கள். ஆயினும் பால்மாவின் கதை அதனினும் கொடியது. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி இல்லாமற் போய், இறக்குமதியாகும் பால்மாவுக்கு மக்கள் கடைவாசல்களில் வரிசையில் நின்றனர். அந்நாட்களிற் பலர் பாலில்லாத தேநீரையும் கோப்பியையும் வேறு வழியின்றிப் பழகிக்கொண்டனர். குளிர்கோப்பிக்கோ நால்வருக்குப் பாதித் தேங்காய் போதும். மூன்றாம் பாலையும் பிழிந்து அன்றைய கறிக்கு விட்டுவிடலாம், ஒன்றும் வீணாகாது.

இனிக் கோப்பி வடிக்கும் முறை. கரகரப்பாகத் திரித்த கோப்பித்தூள் கிடைத்தால் மிகவும் நல்லது. 50 கிராம் தூளை, கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றரிலே போட்டுக் கலக்கி, மூடி, குளிர்சாதனப் பெட்டியிற் பன்னிரண்டு மணித்தியாலம் வைத்தல் வேண்டும். இரவு எட்டு மணிக்கு இட்டால் காலை எட்டு மணிக்கு எடுத்துத் துணியில் வடிக்கலாம். தூள் தன் எடையைப்போல் இரு மடங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், கிடைப்பது ஏறக்குறைய 400 மில்லிலீற்றர். சூடின்றி ஊறியதால் கைப்பும் புளிப்பும் குறைவாகவே இறங்கியிருக்கும். கடைகளிற் பொதுவாகக் கிடைக்கும் மாப்போன்ற தூளுக்கு இம்முறை ஒவ்வாது. துணியில் அடைத்துக்கொண்டு வடியமறுக்கும். அதற்குக் கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆறிய நீரை ஊற்றி, நான்கு நிமிடம் மூடிவைத்துத் தெளிவை இறுத்து ஆறவிடுவதே தக்கது. தூளோடு சேர்த்து அடுப்பிலே கொதிக்கவிடுதல் கூடாது. சூட்டிற் குடிக்கும்போது பொறுத்துக்கொள்ளும் கைப்பை, குளிரில் நாக்கு பொறுத்துக்கொள்ளாது.

வடித்த கோப்பியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கவேண்டும். இந்தச் சிறு வேலையைச் சோம்பலால் விட்டுவிடுவோர் பலர். ஆனால் பானத்தின் தரம் இதிலேதான் இருக்கின்றது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும் என்று பாடசாலையிற் படித்ததை இங்கு நினைவுகூரலாம். 80 பாகைச் சூட்டிலுள்ள கோப்பியை ஐஸாலேயே பூச்சியப் பாகைக்குக் குளிர்விக்கப் புகுந்தால், கோப்பியின் எடைக்குச் சமமான ஐஸ் உருகித் தண்ணீராகிவிடும். கோப்பியின் செறிவு பாதியாய்விடும். ஆகவே முன்பே ஆறவைத்துக் குளிரவைத்த கோப்பியிலே, கோப்பியாலான கட்டியையே இடவேண்டும். அது உருகினாலும் கோப்பியே பெருகும். இன்னொன்று: ஐஸ் கிருமிகளைக் கொல்லும் என்ற நம்பிக்கை தவறு. உறைந்த கிருமி உருகியபின் மீண்டும் உயிர்த்தெழும். கொதித்தாறிய நீரிற் செய்த கட்டியையே வீட்டில் உபயோகித்தல் வேண்டும்.

எல்லாம் ஆயத்தமானபின், பிளெண்டரிலே முதலில் ஊறிய கஜு 40 கிராமையும் தண்ணீர் 100 மில்லிலீற்றரையும் இட்டு இரண்டு நிமிடமாவது அரைக்கவேண்டும். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் மணல்போல் ஒன்றும் தட்டுப்படக்கூடாது. அடுத்து, அன்று பிழிந்த தேங்காய்ப்பால் 150 மில்லிலீற்றர், கித்துள் பாணி நான்கு மேசைக்கரண்டி, இரு விரலால் எடுத்த உப்பு, இடித்த ஏலக்காய் ஒன்று ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் ஓடவிடவேண்டும். தேங்காய்ப்பால் அறைச்சூட்டில் இருத்தல் நன்று; குளிர்ந்து கட்டிபட்ட பாலை இட்டால், அரைக்கும் வேகத்தில் வெண்ணெய் திரள்வதுபோல் எண்ணெய் திரண்டுவிடும். கஜுவோடு நன்கு கலந்தபின், குளிர்ந்த கோப்பி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். கோப்பிக் கட்டிகளை எல்லாவற்றிற்கும் கடைசியில் இட்டு, விட்டுவிட்டு நாலைந்து முறை சுழற்றினாற் போதும். நீளச் சுழற்றினாற் கட்டி முழுவதும் கரைந்து, நறுநறுவென்ற அந்தக் குளிர்ச்சி போய்விடும். நான்கு குவளை நிரம்பும்.

உப்பு எதற்கென்று கேட்பவர்களுக்கு: அது கைப்பை அடக்கும், நாவிற்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. இனிப்புக்குச் சீனியும் ஆகும், பனங்கட்டிப் பாகும் ஆகும். ஆனால் கித்துள் பாணியின் புகைமணம் கோப்பிக்குப் பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்துவதில்லை. கலப்படமில்லாத பாணி கிடைப்பதுதான் அரிது.

மின்சாரமோ பிளெண்டரோ இல்லாத வீட்டார் மனந்தளர வேண்டியதில்லை. 1957 ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரச் சர்வதேசக் கண்காட்சியிலே, வெந்நீர் கிடைக்காத ஒரு கம்பனி ஊழியர், உடனடிக் கோப்பித்தூளைத் தண்ணீரோடும் ஐஸோடும் ஒரு குலுக்கற் பாத்திரத்திலிட்டுக் குலுக்கிப் பார்த்தார். திரண்டெழுந்த நுரையோடு பிறந்த அந்தப் பானம் பிராப்பே என்ற பெயரால் அந்நாடு முழுவதும் பரவியது. அதன் நுரைக்குப் பால் காரணமன்று, கோப்பித்தூள்தான். மூடியுள்ள போத்தலொன்றில் உடனடிக் கோப்பித்தூள் இரண்டு தேக்கரண்டியும், சீனி இரண்டு தேக்கரண்டியும், குளிர்ந்த நீர் நான்கு மேசைக்கரண்டியும் இட்டு அரை நிமிடம் பலமாகக் குலுக்கினால் தவிட்டு நிற நுரை தடித்தெழும். துணியிற் கட்டி உலக்கையால் நொறுக்கிய ஐஸின்மேல் அதனை ஊற்றி, அம்மியில் அரைத்த கஜுப்பாலைக் கலந்து கொடுத்தால் எந்த இயந்திரமும் வேண்டியதில்லை.

பாலொவ்வாமையுள்ளவர் வீட்டில் இருந்தால், கடைப் பொருள்களின் மேலுறையைப் படித்துப் பார்க்காமல் எதையும் சேர்க்கக்கூடாது. பெட்டியில் விற்கப்படும் தேங்காய்ப்பால் மாவென்றால் அதிற் பசும்பாலுக்கு என்ன வேலை என்று தோன்றும். ஆனால் மாவாக உலர்த்துவதற்குத் துணையாகச் சிலவற்றிற் சோடியம் கேசினேற்று என்னும் பாற்புரதம் சேர்க்கப்படுகின்றது. பாலுக்குப் பதிலாக விற்கப்படும் வெண்பொடிகள் பலவற்றிலும் அது உண்டு. சீனியும் பாலும் சேர்த்துப் பொட்டலமாக வரும் கோப்பித்தூளைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கேசின், கேசினேற்று, வே என்னும் சொற்களைக் கண்டால் அப்பொருளை விலக்கவேண்டும். முன்னர் பாலடித்த பிளெண்டரை, அடியிலுள்ள வளையத்தையும் கழற்றிச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே பயன்படுத்தவேண்டும். கஜு ஒவ்வாதவரும் உண்டாதலின், குவளையைக் கொடுக்குமுன் விருந்தினரிடம் அதிலுள்ளவற்றைச் சொல்லிவிடுதல் நாகரிகமும் பாதுகாப்புமாகும்.

தேங்காய்ப்பால் என்ற பெயரில் "பால்" என்னும் சொல் இருப்பதனால் ஏற்படும் மயக்கம் ஒன்றுண்டு. ஒரு குவளை பசும்பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதமும் 300 மில்லிகிராம் கல்சியமும் கிடைக்கும். தேங்காய்ப்பாலில் இரண்டும் மிகவும் சொற்பம், நிறைந்திருப்பது கொழுப்பு. பாலை விட்டவர்கள் அந்தக் கல்சியத்தைக் குரக்கன், எள்ளு, முள்ளோடு உண்ணும் நெத்தலி, முருங்கையிலை ஆகியவற்றிலிருந்து பெற்றுக்கொள்ளவேண்டும். குளிர்கோப்பியிலிருந்து அது வராது. கொலஸ்திரோல் மிகுந்தவர் தேங்காய்ப்பாலின் அளவைக் குறைத்துக் கஜுவை அதிகரிக்கலாம். கோப்பி குழந்தைகளுக்குரிய பானமன்று. கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கபேயின் ஆகாதென்று மருத்துவ ஆலோசனை கூறுகின்றது. ரொபஸ்டா இனக் கோப்பியில் அரபிக்கா இனத்திலும் ஏறக்குறைய இருமடங்கு கபேயின் இருத்தலால், அவர்கள் பாதிக் குவளையோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம்.

செய்த பானத்தை வைத்திருக்க எண்ணக்கூடாது. தேங்காய்ப்பால் விரைவிற் புளிப்பது; வெயில் நாளில் வெளியே வைத்தால் நான்கு மணித்தியாலமும் தாங்காது. விருந்துக்குப் பெருந்தொகையாகச் செய்பவர்கள் கோப்பி நீரையும் கோப்பிக் கட்டியையும் முதல்நாளே ஆயத்தஞ் செய்துகொள்ளலாம். தேங்காய் பிழிவதும் கலப்பதும் விருந்தினர் வரும் வேளையிலேதான் நடக்கவேண்டும். பால் சேர்த்தது ஒரு பாத்திரத்திலும் சேர்க்காதது வேறொரு பாத்திரத்திலும் இருந்தால், அகப்பை மாறிவிடாதபடி ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும். வீட்டார் எல்லோருமே தேங்காய்ப்பாற் கோப்பியை விரும்பிவிட்டால் ஒரே பாத்திரம் போதுமானது. மிஞ்சியதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் மறுநாள் மாலைக் கோப்பிக்கு அதுவே கட்டியாகும்.